உட்பகை

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் தங்கையின் மகன் நோயுற்றான். அப்பொழுது அவனுக்கு 7 வயது. இரவில் நாலைந்து முறை எழுந்து தண்ணீர் குடித்தான். நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலிந்துகொண்டே வந்தது. வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள்; நாவூறும் கழித்தார்கள். ஒருநாள் விடியற்காலையில், மூச்சு வாங்கி, அறிவு மயங்கிய நிலையில் அவனைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினோம். முதலாம் வகை நீரிழிவு என்று அங்கே சொன்னார்கள்.

"சலரோகம் வயசு போனவைக்கு வாறதெல்லோ? இந்தப் பொடியனுக்கு எப்பிடி?" என்று சுற்றத்தார் வியந்தனர். வியப்பு இரண்டொரு நாளில் வழக்காக மாறிற்று. வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவள் என் தங்கை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அவள் இனிப்பு அதிகம் தின்றாள் என்றார் ஒருவர். இது தாய்வழி வந்த குறை, தங்கள் பரம்பரையில் இப்படியொன்று இல்லை என்றார் அவளுடைய மாமியார். சாதகத்தை எடுத்து விரித்தார் இன்னொருவர். தங்கை எவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. தானும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள் என்பதை அவள் முகமே காட்டிற்று.

விடுதியில் கடமையிலிருந்த இளம் பெண் வைத்தியர் ஒருவரே எங்களுக்கு உண்மையைச் சொன்னார். "உடம்பைக் காக்கிற வெண்குழியங்கள், சதையியிலை இன்சுலின் சுரக்கிற கலங்களை எதிரி எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டுது அம்மா. இதிலை உங்கடை பிழை ஒண்டுமில்லை" என்றார். பையன் கட்டிலில் படுத்திருந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வீடு திரும்பும்போது பஸ்ஸில் என் மடியிலிருந்து அவன் கேட்ட கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை:

"என்ரை உடம்பு ஏன் மாமா என்னோடை சண்டை பிடிக்குது?"

நான் தமிழ் கற்பிக்கிற ஆசிரியன். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன். திருக்குறளில் 'உட்பகை' என்ற அதிகாரத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியிருக்கிறேன். ஆயினும் ஒரு சிறுவனின் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அன்று தொடங்கி, எங்கள் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் நண்பரின் துணையோடு இத்துறையைச் சிறிது சிறிதாகப் பயின்று வந்தேன். 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆம் திகதி, மருத்துவத்துக்கான நோபல் பரிசு மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், சிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் வழங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, அது என் மருமகனின் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய பரிசு என்பதை உணரக்கூடிய அளவுக்கு எனக்கு விளக்கம் ஏற்பட்டிருந்தது. அந்த விளக்கத்தை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நல்லது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். நமது பாடநூல்கள் அதற்கு 'நிர்ப்பீடனம்' என்று பெயரிட்டிருக்கின்றன. பீடனம் என்றால் வருத்துதல். நிர் என்பது இன்மை. வருத்தமில்லாத நிலை என்று பொருள்படும். ஆனால் எங்கள் வீட்டில் வருத்தத்தைக் கொண்டுவந்ததே அந்த நிர்ப்பீடனம்தான். முதலாம் வகை நீரிழிவு மட்டுமல்ல, முடக்குவாதத்தின் ஒரு வகையும், தோல், சிறுநீரகம், மூட்டு எனப் பல உறுப்புகளை வாட்டும் லூப்பசு நோயும் இவ்வாறு தன்னைத் தானே தாக்கும் உடலின் நோய்களே. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, சிலருடைய உடல் ஏன் தன்னையே தாக்குகிறது என்பது மட்டுமன்று. நம்மில் பெரும்பாலோருடைய உடல் ஏன் தன்னைத் தாக்காமல் இருக்கிறது என்பதும் அதே அளவு விளக்கம் வேண்டி நிற்பது.

மார்பெலும்பின் பின்னால், இதயத்துக்கு மேலே, தைமசு என்றொரு சுரப்பி உண்டு. வெண்குழியங்களுள் ரி-கலங்கள் எனப்படுவன அங்கேதான் முதிர்கின்றன. எந்த அந்நியப் பொருள் நாளை வரும் என்பது எவருக்கும் தெரியாதாகையால், ஒவ்வொரு ரி-கலமும் எழுந்தமானமாக ஆக்கப்பட்ட ஒரு வாங்கியைத் தாங்கி வருகிறது. அவற்றுட் சில, உடலின் சொந்தப் பொருள்களையே பற்றிக்கொள்ளும். அவ்வாறு வலுவாகப் பற்றுகின்றவை தைமசிலேயே அழிக்கப்படுகின்றன. நீண்டகாலம் விஞ்ஞானிகள் இத்தணிக்கை ஒன்றே போதுமானது என்று கருதினர். ஆனால் தணிக்கையிலிருந்து தப்பி வெளியேறுபவை எல்லோருடைய குருதியிலும் உள்ளன. அவற்றைக் கட்டி வைத்திருப்பது எது?

1969 இல் யப்பானின் நகோயா நகரில் நிசிசூக்கா, சக்காகூரா என்ற இரு ஆய்வாளர், பிறந்து மூன்று நாளான பெண் சுண்டெலிகளிலிருந்து தைமசை அகற்றினார்கள். போர் செய்யும் கலங்கள் முதிரும் இடத்தை அகற்றினால் போர் குறையவேண்டும். மாறாக, அந்த எலிகளின் சூலகங்கள் அழிந்தன. சில நாள் கழித்து அதே சுரப்பியை அகற்றியபோதோ இவ்விளைவு ஏற்படவில்லை. போர்க்கலங்கள் மட்டுமன்றி, அவற்றை அடக்குகின்ற ஏதோ ஒன்றும் தைமசிலிருந்து, சற்றுப் பிந்தி, வெளியேறுகின்றது என்று கொள்ள இது இடந் தந்தது.

இந்த இழையைப் பற்றிக்கொண்டவர் சகாகுச்சி. தைமசு இழந்த எலிகளுக்கு, அதே இனத்தைச் சேர்ந்த நலமான எலிகளின் ரி-கலங்களைச் செலுத்தினால் நோய் தடுக்கப்படுவதை அவர் கண்டார். ஆனால் அக்காலத்தில் அப்படிச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. 1970களில் 'ஒடுக்கும் ரி-கலங்கள்' என்ற கொள்கை விஞ்ஞான உலகில் பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆதாரத்தை மீறிப் பல கோட்பாடுகள் அதன்மீது கட்டப்பட்டன. அதற்குரியதெனச் சொல்லப்பட்ட பரம்பரையலகு, சொல்லப்பட்ட இடத்தில் இல்லையென்று 1980களில் வெளிப்பட்டதும் மாளிகை சரிந்தது. அதன் பின் அச்சொல்லை உச்சரிப்பதே இழுக்கு என்றாயிற்று. பிழையான கோட்பாட்டோடு சேர்த்து உண்மையான ஓர் உயிர்த்தோற்றப்பாட்டையும் குப்பையில் வீசிவிட்டார்கள். இலக்கிய உலகிலும் நாம் இதைக் கண்டிருக்கிறோம். சகாகுச்சி அவசரப்படவில்லை. 1985 இல் ஓர் ஆய்வு. பின்பு பத்தாண்டு உழைப்பு. 1995 இல், தம் மேற்பரப்பில் சீ.டீ.25 என்ற புரதத்தைத் தாங்கிய ஒரு சிறு தொகுதிக் கலங்களே அந்தக் காவலர் என்று காட்டினார். அவற்றை நீக்கிவிட்டு எஞ்சிய ரி-கலங்களை மட்டும் தைமசற்ற எலிகளுக்குக் கொடுத்தால் எலிகளின் உறுப்புகள் பல தாக்குண்டன. நீக்கியவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் தாக்குண்ணவில்லை. 'ஒடுக்குதல்' என்ற பழைய சொல்லைத் தவிர்த்து, இவற்றை ஒழுங்காக்கும் ரி-கலங்கள் என்றனர்.

*

கதையின் மற்றப் பாதி ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஓக் ரிட்ஜ் என்ற இடத்தைப் பற்றி வாசகர் கேள்விப்பட்டிருக்கலாம். 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஹிரோசிமாவைச் சாம்பலாக்கிய குண்டுக்குரிய யுரேனியம் அங்கேதான் செறிவாக்கப்பட்டது. போருக்குப் பின், கதிர்வீச்சு உயிர்களின் பரம்பரையை எவ்வாறு தாக்கும் என்று அறிவதற்காக அங்கு ஆயிரக்கணக்கில் சுண்டெலிகளை வளர்த்தனர். 1940களின் இறுதியில் அவ்வெலிகளிடையே, கதிர்வீச்சினால் அல்லாமல் தற்செயலாக, ஒரு விகாரம் தோன்றிற்று. ஆண் குஞ்சுகளிற் சிலவற்றின் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்தது; மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கின; சில வாரங்களில் அவை இறந்தன. நோயின் காரணம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்பதற்கு மேல் அன்று ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் அந்த எலிக் குலத்தைக் கைவிடாமல் பேணினார்கள்.

1990களில் ஒரு தனியார் மருந்தாய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்தப் பொருக்கு எலியின் பிழையைத் தேடத் துணிந்தனர். ஏறத்தாழ 17 கோடி எழுத்துகள் கொண்ட நிறமூர்த்தத்தில் தேடும் எல்லையை 5 இலட்சம் எழுத்துகளாகக் குறுக்கினர். அதனுள் 20 பரம்பரையலகுகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சோதித்துச் சென்றபோது பிழை இருந்தது இருபதாவதில். அதற்குப் பொக்ஸ்-பி-3 என்று பெயரிட்டனர்.

பிழை எவ்வளவு? இரண்டே எழுத்து. அவை இடையில் மிகையாகச் செருகப்பட்டிருந்தன. உயிரின் ஏடு மும்மூன்று எழுத்தாகப் பிரித்து வாசிக்கப்படுவது. 'பாடம் மறந்து வந்தேன்' என்ற தொடரை எழுத்தெண்ணி மும்மூன்றாகப் பிரித்து வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு எழுத்தை நுழைத்தால் அதற்குப் பின்வரும் பிரிவுகள் எல்லாமே இடம்பெயர்ந்து பொருளற்றுப் போகும். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்களின் உழைப்பை அறிந்தவர்கள், இந்த இருவருடைய பொறுமையையும் மதிக்கத் தவறமாட்டார்கள்.

2001 இல் இது வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே, பிறந்து சில வாரங்களில் நீரிழிவும் ஓயாத வயிற்றோட்டமும் தோல் அழற்சியும் கண்டு இறக்கின்ற ஆண் குழந்தைகள் சிலரிடம் இதே பரம்பரையலகில் விகாரம் இருப்பது தெரியவந்தது. 2003 இல் சகாகுச்சியின் குழுவும் அலெக்சாந்தர் ருடென்ஸ்கியின் குழுவும் ராம்ஸ்டெல்லின் குழுவும் இரண்டு பாதிகளையும் இணைத்தன. ஒரு சாதாரண ரி-கலத்தைக் காவற் கலமாக ஆக்குவது பொக்ஸ்-பி-3 தான் என்பது நிலைநாட்டப்பட்டது. குண்டு செய்த இடத்தில் பேணப்பட்ட எலியும், குண்டு விழுந்த நாட்டில் ஒரு மனிதர் விடாது பேணிய கேள்வியும் இவ்வாறு ஒன்றுசேர்ந்தன.

*

பரம்பரையலகு என்றவுடன் கண்ணின் நிறம், மூக்கின் வடிவு என்றே பலர் நினைக்கிறார்கள். பொக்ஸ்-பி-3 அத்தகையது அல்ல. அது ஆக்கும் புரதம் கலத்தின் கருவுக்குள் நின்று, வேறு பல பரம்பரையலகுகளைத் திறக்கவும் மூடவும் செய்கின்றது. போர்க்கலங்கள் பெருகுவதற்கு இன்ரர்லூக்கின்-2 என்ற புரதம் வேண்டும். அதை அவை தாமே சுரக்கும். காவற் கலத்தில் பொக்ஸ்-பி-3 அதைச் சுரக்கும் அலகை மூடிவிடுகிறது. ஆனால் அதே புரதத்தைப் பற்றிக்கொள்ளும் சீ.டீ.25 ஐ மிகுதியாகத் திறந்துவிடுகிறது. தானாக ஆக்க முடியாது, பிறர் ஆக்கியதைக் கொண்டே வாழவேண்டும். இதனால் ஒரு சமநிலை பிறக்கிறது. எங்கே போர் மூள்கிறதோ அங்கே இன்ரர்லூக்கின் மிகும், அது மிகுந்த இடத்தில் காவற் கலங்கள் விழிக்கும், விழித்தவை அதை உறிஞ்சிக்கொள்ளும், போரும் தணியும்.

சரி, பொக்ஸ்-பி-3 ஐத் திறப்பது எது? என் நண்பர் இந்த இடத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு உண்டாயிற்று. நம் உடலின் ஒவ்வொரு ரி-கலத்திலும் அந்த அலகு இருக்கிறது. போர்க்கலத்திலும் இருக்கிறது, அங்கே வாசிக்கப்படாமல் மூடிக் கிடக்கிறது. புரதத்தை ஆக்கும் பகுதிக்கு வெளியே, ஒருகாலத்தில் பயனற்றவை என்று தள்ளப்பட்ட நீளங்களில், அதற்குரிய ஆளிகள் அமைந்திருக்கின்றன. 2010 இல் ருடென்ஸ்கியின் குழுவினர் எலிகளில் மூன்று ஆளிகளைத் தனித்தனியே நீக்கிப் பார்த்தனர். மூன்றாம் ஆளி இல்லையேல் தைமசில் காவற் கலங்கள் போதிய அளவு தோன்றுவதில்லை. முதலாம் ஆளி இல்லையேல், பிற்காலத்தில் குடல் முதலிய இடங்களில் சாதாரண ரி-கலங்கள் காவற் கலங்களாக மாறுவது குன்றுகிறது. இரண்டாம் ஆளியோ நினைவுக்கு உரியது. மெதயில் எனும் சிறு கூறுகள் ஒட்டியிருந்து அதை அடைத்திருக்கும். காவற் கலத்தில் அவை கழற்றப்படுகின்றன. அப்படிக் கழற்றப்பட்டால்தான், கலம் பிரிந்து பெருகும்போதும் பிள்ளைக் கலங்கள் தாம் காவலர் என்பதை மறவாதிருக்கும். மனிதரின் போர்க்கலங்களிலும் சிலவேளை பொக்ஸ்-பி-3 சற்றுத் தலைகாட்டுவதுண்டு. அந்த அடைப்பு நீங்காமையால் அது நிலைப்பதில்லை.

முதலாம் ஆளி பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அது சூல்வித்தகமுள்ள பாலூட்டிகளிடம் மட்டுமே காணப்படுகிறது. கருவில் உள்ள பிள்ளை தாய்க்குப் பாதி அந்நியம். தந்தையின் பாதியை அது தாங்கி நிற்கிறது. அந்த ஆளி நீக்கப்பட்ட தாய் எலிகளில், வேற்றினத் தந்தையின் கருக்கள் அழிந்துபோவது மிகுந்ததை 2012 இல் கண்டார்கள். அதாவது, பிறருடைய பாதியைத் தன்னுள்ளே பகையாகக் கருதாது சுமப்பதற்கென்றே தாயின் உடல் ஓர் ஏற்பாட்டை வளர்த்துக்கொண்டதாகத் தோன்றுகிறது. 'தாய்வழிக் குறை' என்ற சொல் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒலித்ததை எண்ணியபோது, இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எழுத்தில் அடக்க முடியவில்லை.

எல்லாம் உள்ளே எழுதப்பட்டபடியே நடக்கிறது என்பதுமில்லை. நாம் உண்ணும் தவிடு, கீரை, கிழங்கு முதலியவற்றின் நாரைப் பெருங்குடலிலுள்ள பற்றீரியங்கள் நொதிக்கச் செய்து பியூற்றிரேற்று என்ற பொருளை ஆக்குகின்றன. எலிகளின் குடலில் அது பொக்ஸ்-பி-3 இன் ஆளிகளைத் திறக்கத் துணைசெய்து, காவற் கலங்களைப் பெருக்குவதை 2013 இல் வெவ்வேறு குழுக்கள் காட்டின. உண்ணும் உணவு, உடன்வாழும் நுண்ணுயிர், தாக்கும் தொற்று ஆகியன யாவும் அந்த ஏடு எவ்வாறு வாசிக்கப்படும் என்பதில் பங்கு கொள்கின்றன.

*

இனி, இதை நான் ஏன் ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுகிறேன் என்று சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு மாணவனைப் பற்றிப் பேச்சு வந்தது. பின்தங்கிய கிராமத்துப் பையன். தவணைப் பரீட்சையில் குறைந்த புள்ளி. அவனுடைய தகப்பனின் தொழிலைச் சாடையாகச் சுட்டிவிட்டு, "பரம்பரையலகிலை இல்லாதது எங்காலை வரும் மாஸ்ரர்?" என்றார் ஒருவர். சிலர் சிரித்தனர். நான் அன்று மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். தலையெழுத்து என்று முன்னோர் சொன்னதை இவர்கள் பரம்பரையலகு என்கிறார்கள். ஏட்டின் பெயர் மாறியதேயன்றி, பிறப்பினால் மனிதனை அளக்கும் அதே சாதிக்கோல் மாறவில்லை. எங்கள் வீட்டில் தங்கையைக் கூண்டில் ஏற்றியதும் இதே சிந்தனைதான்.

ஒரே ஏட்டைத் தாங்கிய இரண்டு கலங்களுள் ஒன்று போர்க்கலமாகவும் மற்றது காவற் கலமாகவும் ஆவது, அவை எங்கே வளர்ந்தன, எவ்வகைச் சைகைகளைப் பெற்றன, எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. இரட்டையராய்ப் பிறந்து பரம்பரையலகுகள் யாவும் ஒத்திருப்போரிலும், ஒருவருக்கு முதலாம் வகை நீரிழிவு வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்றில்லை. என் மருமகனின் நோயில் பொக்ஸ்-பி-3 பழுதுபட்டிருக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளிலும் அது பழுதுபடுவதில்லை. இரு வழியிலும் வருகின்ற, சிறிது சிறிதாக அபாயத்தைக் கூட்டும் பல அலகுகள் இதிற் பங்குகொள்கின்றன. அவற்றோடு சூழலும் சேருகிறது. இதில் தாயைக் குற்றவாளியாக்க இடமில்லை.

ஆனால் கலத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் சமூகத்துக்குத் தாவுவதையும் நான் ஏற்கவில்லை. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சேர், காவற் கலம் எண்டது பொலிஸ் மாதிரியோ?" என்றான். புற்றுநோய்க் கட்டிகள் இக்கலங்களைத் தம்மைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, அவற்றின் மறைவில் வளர்வதும் உண்டு என்று நான் சொன்னேன். "பொலிஸ்தான்!" என்றான் அவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்பு சொன்னேன்: கலத்துக்கு வர்க்கமில்லை, நோக்கமில்லை. வலியவன் வாழ்வதே இயற்கை என்று உயிரியலிலிருந்து உருவி எடுத்து, அடிமைத்தனத்தையும் இனவெறியையும் நியாயப்படுத்திய கூட்டத்தை வரலாறு கண்டிருக்கிறது. நமக்கு விருப்பமான முடிவுக்காக நாமும் அதே தவற்றைச் செய்யலாகாது. சமூகத்தின் நோயைச் சமூகத்தில்தான் ஆராயவேண்டும். ஆனால் அநீதிக்குச் சாட்சியாக எவராவது விஞ்ஞானத்தை அழைத்தால், விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை என்று எழுந்து சொல்வது கற்றவனின் கடமை. தமிழாசிரியனும் அதிலிருந்து விலக்கானவன் அல்லன்.

காவற் கலங்களைப் பெருக்கித் திரும்பச் செலுத்தி நோயைத் தணிக்க முடியுமா என்று இன்று மனிதரிலே பரிசோதனைகள் நடைபெறுகின்றன. அவை வெற்றி பெற்றால் அப்பயன் யாருக்குக் கிட்டும்? இன்சுலினைக் கண்டவர்கள் 1923 இல் அதன் உரிமையைத் தொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள். ஆயினும் ஒரு நூற்றாண்டின் பின், 2022 இன் நெருக்கடியில், என் தங்கை ஒரு குப்பி இன்சுலினுக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தாள். மின்வெட்டு நீண்ட நாட்களில் அக்குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்துக் காத்தாள். பிள்ளையின் உடலுக்குள்ளே இருந்த பகையை அடக்குவதற்கு வழி தெரிந்திருந்தது. வெளியே இருந்த பகையோடுதான் அவள் அதிகம் போராடவேண்டியிருந்தது.

பையனுக்கு இப்போது 11 வயது. ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறான். அண்மையில் ஒருநாள் அவனை அருகில் இருத்தி, பஸ்ஸில் கேட்ட கேள்வியை நினைவூட்டினேன். "உன்ரை உடம்பு உன்னோடை சண்டை பிடிக்கேல்லையடா. வழிதவறின கொஞ்சப் பேரைக் காவலுக்கு நிண்டவையாலை மறிக்க முடியாமல் போச்சுது. அவ்வளவுதான்" என்றேன். காவலர் எப்படி உண்டாகிறார்கள், ஏடு எப்படித் திறக்கப்படுகிறது என்பதையெல்லாம் அவனுக்கு விளங்கக்கூடிய அளவில் சொன்னேன்.

தங்கை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "அண்ணா, அந்தத் தாய் எலியின்ரை கதையை மாமிக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.

சொல்லத்தான் வேண்டும்.